பதினாலு கிலோமீட்டருக்கு விடுபடு வேகம்

பிப்ரவரி 6, திங்கள்

இயக்குநருக்கு மறுபடி ஒரு யோசனை வந்துவிட்டது. அவருக்கு யோசனை வந்தால் எனக்குத் தலைவலி வரும். பதினெட்டு வருடமாக இந்த அறிவியல் காட்சிக் கூடத்தில் நடப்பது இதுதான்.

கீழ்த்தள வராந்தாவில் பிள்ளைகள் ஓடிப் பார்க்க ஒரு பாதை. இரண்டு முனையிலும் வெளிச்சக் கதிர். ஓடி முடித்ததும் சுவரில் எண் ஒளிரும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அல்ல. "அதெல்லாம் எல்லாரும் போடுறதுதான் மேடம். நாம விடுபடு வேகத்துல போடுவோம். பூமியை விட்டுப் போக எவ்வளவு வேகம் வேணும், அதுல நீ எத்தனை பங்கு? எப்படி?"

எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்று சொல்வதுதான் இங்கே மரியாதை. சொன்னேன். கூடவே ஒரு விளக்கப் பலகை வேண்டுமாம். நடை, சைக்கிள், பஸ், ரயில், விமானம் எல்லாவற்றையும் விடுபடு வேகத்துக்கு மாற்றி எட்டு வரியில் எழுத வேண்டும். பலகை எழுதுவதுதான் என் வேலை. எரிமலையானாலும் எறும்பானாலும் எட்டு வரிதான்.

விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர். மணிக்கு என்றால் 40,320. மதியம் உட்கார்ந்து வகுத்தேன். ரயில், நானூற்று ஐம்பதில் ஒரு பங்கு. பஸ், சாலை காலியாக இருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு. நடை, எட்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆசைக்கு நத்தையையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கோடியே பன்னிரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. பாவம், அதற்கு இது தெரியாது.

சாப்பிடும்போது தங்கையிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அக்கா, ஸ்கூல் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். அங்க போயிடலாம்னு இருக்கேன்." குழம்பில் உப்பு குறைகிறது என்று சொல்லும் அதே குரல்.

சரி என்றேன். சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவினேன். நத்தையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் இங்கிருந்து பதினாலு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். விடுபடு வேகத்தில் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதில் ஒரு பங்கு. இதற்குப் பெயர் போவதா?

பிப்ரவரி 11, சனி

பயப்பட ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால் இது நான்காவது தடவை.

அம்மா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்து நான்கு. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். கல்லூரிக்கு விடுதியில் சேர்த்தேன். நானே விசாரித்து, நானே பெட்டி கட்டி, நானே ஜன்னலோரக் கட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நான்கே மாதம். வாளியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளையை நான் சல்லடை போட்டுச் சலித்துத்தான் எடுத்தேன். நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்றரை வருடத்தில் இரண்டு பேரும் சண்டைகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அப்புறம் வெளியூர் வேலை. தெரிந்தவரைப் பிடித்து நான் வாங்கிக் கொடுத்தது. அதுவும் அப்படித்தான்.

மூன்று தடவையும் திரும்பி வந்தாள். மூன்று தடவையும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

இந்தத் தடவையும் டீத்தூள் வாங்கி வைத்தால் போதும்.

பிப்ரவரி 15, புதன்

ஓட்டப் பாதையைச் சோதித்தோம். எலக்ட்ரீஷியன் வந்து கதிர், கம்பி எல்லாம் பொருத்திவிட்டார். ஒளிப் பலகையில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்தான் தெரியும்.

முதலில் காவலாளி ஓடினார். 0.000. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடினார். 0.000. டிக்கெட் கொடுக்கும் பெண் ஓடினாள். 0.000. "மெஷின் வேலை செய்யல" என்று இயக்குநரே கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். தொப்பை குலுங்க, மூச்சு வாங்க, சுவரில் போய் இடித்துக்கொண்டு நின்றார். 0.000.

"வேலை செய்யுது சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "நம்ம வேகம் அவ்வளவுதான்."

நான் ஓடவில்லை. ஓடித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பிப்ரவரி 19, ஞாயிறு

அவள் மூட்டை கட்டவில்லை. லாரி கூப்பிடவில்லை. தினமும் பள்ளிக்குப் போகும்போது தோளில் ஒரு பை. அதில் நாலு புத்தகம், அல்லது இரண்டு சேலை, அல்லது ஒரு குக்கர். பஸ்ஸில் போகிறாள், அறையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள், சாயங்காலம் காலிப் பையோடு வீட்டுக்கு வருகிறாள்.

"ஒரு வண்டி வெச்சு ஒரேயடியா கொண்டு போய்த் தொலையேன்டி" என்றேன்.

"எதுக்குக்கா? எனக்கு ஒண்ணும் அவசரமில்லையே."

அவசரமில்லையாம். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போகிறவள் பையைப் பையாகவா கொண்டு போவாள்? கோபம் தணிகிற வரைக்கும் ஒரு பொழுதுபோக்கு. அவ்வளவுதான்.

மார்ச் 1, புதன்

பீரோவில் அவள் பக்கம் பாதி காலி.

கணக்குப் போட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு? பீரோவில் அவள் பக்கம் மூன்று அடி அகலம். இரண்டு வாரத்தில் ஒன்றரை அடி நகர்ந்திருக்கிறது. நத்தைகூட இந்த வேகத்தைப் பார்த்துச் சிரிக்கும். விடுபடு வேகத்தில் பங்கு சொல்ல வேண்டுமானால் பல ஆயிரம் கோடியில் ஒன்று.

இத்தனை மெதுவாகப் போவது எதுவும் போய்ச் சேராது. அறிவியல் என் பக்கம் இருக்கிறது.

மார்ச் 4, சனி

எலக்ட்ரீஷியனிடம் சொல்லித் தலைகீழாக மாற்றியாயிற்று. இனி பூஜ்யம் வராது. "உன் வேகத்தைப் போல் 2,800 மடங்கு வேண்டும்" என்று வரும். நன்றாக ஓடும் பிள்ளைக்கு 2,800. இயக்குநருக்கு 5,100.

"இதுவும் பசங்களுக்கு மனசு ஒடஞ்சு போகுமே மேடம்" என்றார் இயக்குநர். "கடைசியில ஆறுதலா ஒரு வரி போடுங்க."

போட்டேன். 'இந்த வேகத்தை எட்டாத எதுவும் பூமியை விட்டுப் போக முடியாது. எவ்வளவு உயரம் போனாலும் திரும்பி வந்தே தீரும்.'

"இது ஆறுதலா?" என்று கேட்டார்.

எனக்கு ஆறுதல்தான். இரண்டு தடவை படித்தேன். பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

மார்ச் 8, புதன்

என் பலகை எதுவும் அவள் பார்க்காமல் அச்சுக்குப் போனதில்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் என் எட்டு வரியில் பத்துத் தப்புக் கண்டுபிடிப்பாள். போன திங்கட்கிழமையே சாப்பாட்டு மேஜையில் வைத்தேன், அவள் கண்ணில் படும்படி, தண்ணீர்ச் சொம்புக்குக் கீழே. இன்று காலையும் அங்கேயே இருந்தது. சொம்பு வைத்த வட்டம் மட்டும் விழுந்திருக்கிறது.

கேட்கவா? கேட்டால் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். கேட்கவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வட்டத்தோடு.

மார்ச் 12, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். ஏன் என்றேன். சும்மாதான் என்றாள். அந்தச் சும்மாதானில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன குறை வெச்சேன் உனக்கு? எதுல குறை? என் வயசுல எல்லாரும் குடும்பம் குழந்தைன்னு இருக்க, நான் உனக்குப் பெட்டி கட்டிக்கிட்டே இருந்தேனே, எதுக்குடி? எல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

அவள் கத்தவில்லை. "எனக்கு டீல சக்கரை புடிக்குமா புடிக்காதான்னு எனக்கே தெரியாதுக்கா. நாப்பத்தோரு வயசு ஆச்சு. நீ ரெண்டு ஸ்பூன் போடுவே, நான் குடிப்பேன். அங்க போன அன்னிக்குப் போடாமக் குடிச்சுப் பாத்தேன். நல்லாருந்துச்சு."

"அப்ப சக்கரைக்காகத்தான் போறியா?"

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "உம்மேல கோவம் எதுவும் இல்லக்கா. கோவமா இருந்தா திரும்பி வந்துடுவேனே."

மார்ச் 13, திங்கள்

கோபமாக இருந்தால் திரும்பி வந்துவிடுவாளாம். இது என்ன பேச்சு? கோபமாவது படேன்டி.

மார்ச் 20, திங்கள்

வாரநாட்களில் இனி அங்கேயே தங்கல். சனி, ஞாயிறு இங்கே. "தினம் ரெண்டு மணி நேரம் பஸ்ல போகுதுக்கா." நியாயம்தான். எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. அநியாயமாக ஏதாவது செய்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கும்.

குளியலறையில் பல்துலக்கும் பிரஷ் இரண்டும் அதே டம்ளரில் இருக்கின்றன. பச்சை அவளுடையது. பிரஷ் இருக்கும்வரை ஆள் இருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகப் பழையதையே தின்கிறேன்.

ஏப்ரல் 3, திங்கள்

ஓட்டப் பாதை திறந்தாயிற்று. முதல் பள்ளியாக வந்தது அவள் பள்ளி. எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் பார்த்துத்தான் தெரிந்தது. அறுபது பிள்ளைகளுக்கு நடுவில், நீலச் சேலையில், கழுத்தில் விசிலோடு. அந்தச் சேலையை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் ஓடின. 3,100 என்றும் 2,750 என்றும் கூச்சல். அவள் பலகையின் முன் நின்று படித்தாள், மெதுவாக, முதல் வரியிலிருந்து. பரீட்சை எழுதினவள் மாதிரி நான் தள்ளி நின்றேன். கடைசி வரியில் நின்றாள். திரும்பி என்னைத் தேடினாள்.

கிட்டே வந்து முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். "அக்கா, கடைசி வரி தப்புக்கா."

"எது?"

"எட்டாத எதுவும் போக முடியாதுன்னு போட்டிருக்கியே. அது எறிஞ்ச கல்லுக்குத்தான். கல்லுக்கு எஞ்சின் கிடையாது இல்ல? கையை விட்ட நிமிஷத்துல இருந்த வேகம்தான் அதுக்கு. அது பத்தலேன்னா திரும்பி வரும். தானே தள்ளிக்கிட்டுப் போறதுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். நடக்கிற வேகத்துல கூடப் போயிடலாம். நிறுத்தாம போகணும், அவ்வளவுதான்."

பலகையின் கடைசி வரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதோட, தூரம் போகப் போக இழுப்பும் குறையும். இன்னும் சுலபம்." பாடம் நடத்துகிற குரல். பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, அன்பாக.

"மேஜையில வெச்சிருந்தேனே, பாக்கலையா?"

"பாக்கலக்கா. சாரி." நிஜமாகவே வருத்தப்பட்டாள். எனக்குத் தெரியும், வேண்டுமென்று பார்க்காமல் இருக்கவில்லை. அவள் கண்ணில் படவே இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

விசில் ஊதினாள். அறுபது பிள்ளைகளும் வரிசையில் நின்றன. போய்விட்டார்கள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

நூலகத்தில் நாலு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த வரி எறிந்த பொருளுக்கு மட்டும்.

எறிந்த பொருள்.

விடுதி, கல்யாணம், வேலை. மூன்று தடவையும் அவள் போனாள் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். போனாளா? நான்தானே வீசினேன். ஓங்கி, குறி பார்த்து, நல்ல இடமாகப் பார்த்து வீசினேன். கல் வந்து விழுந்த மாதிரி வந்து விழுந்தாள். நானும் என்ன ஒரு இழுப்பு இந்த வீட்டுக்கு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். இந்தத் தடவை நான் கை வைக்கவே இல்லை. ஒரு பைகூடக் கட்டிக் கொடுக்கவில்லை. தோளில் ஒரு பை, தினம் ஒரு பை...

அவ வரமாட்டா. இனிமே வரமாட்டா. எழுதிட்டேன். எழுதியாச்சு.

ஏப்ரல் 9, ஞாயிறு

வரவில்லை. விடைத்தாள் திருத்துகிறாளாம். போனில் நான்கு நிமிடம் பேசினோம். "சாப்டியாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஏப்ரல் 15, சனி

வந்தாள். அழைப்பு மணி அடித்தது, யாரோ என்று போய்த் திறந்தால் அவள். கையில் இந்த வீட்டுச் சாவி இருக்கிறது. திறந்துகொண்டு உள்ளே வராமல் மணியடித்துவிட்டு நிற்கிறாள். "என்னடி புதுசா?" என்றேன். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து அதை ஃப்ரிட்ஜ் மேலே வைத்தாள். போகும்போது எடுக்கவில்லை. மறந்தாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டம்தான், தெம்பு இல்லை.

அவள் போன பிறகு பச்சை பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து விறைத்திருந்தது. எத்தனை நாளாகவோ.

ஏப்ரல் 17, திங்கள்

பலகையைத் திருத்த வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். "யாரு மேடம் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க? விட்டுடுங்க" என்றார். படித்த ஒருத்தியைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

ஒட்டுத்தாளில் புதிதாக அச்சடித்து வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, நானே ஒட்டினேன். 'இந்தக் கணக்கு எறியப்படும் பொருளுக்கு மட்டுமே. தானே தன்னைத் தள்ளிச் செல்லும் பொருள் எந்த வேகத்திலும் போகலாம்.' ஒரு மூலையில் காற்று புகுந்து கொப்புளமாக நின்றது. கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

எலக்ட்ரீஷியன் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இப்ப ஆறுதலா இருக்கு மேடம்" என்றார். பிள்ளைகளுக்கு இருக்கலாம்.

ஏப்ரல் 23, ஞாயிறு

"நீ வாயேன்க்கா ஒரு நாள்" என்று கூப்பிட்டிருந்தாள். போனேன்.

பதினாலு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பழைய கணக்குதான், இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதில் ஒரு பங்கு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இரண்டாவது மாடி. ஒரே அறை, ஒரு ஜன்னல். கட்டிலை நான் போட்டிருந்தால் சுவரோரம் போட்டிருப்பேன். அவள் நடுவில் போட்டிருக்கிறாள். புத்தகங்கள் தரையில், சுவரை ஒட்டி, வரிசையாக. நம் வீட்டுக் குக்கர் அடுப்பின் மேல் அந்நியமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் ஒற்றை பிரஷ், சிவப்பு.

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது. குழாய் சொட்டுகிறது. சொல்லவில்லை.

"உக்காருக்கா, டீ போடறேன்" என்றாள். நான் எழுந்தேன். "நீ உக்காரு" என்றாள் மறுபடி. உட்கார்ந்தேன். அவள் டீ போட்டு நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாலைப் பொங்கவிடவில்லை. அளவாக, நிதானமாக, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு.

மேல் தட்டிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தாள். புதுச் சர்க்கரை. அவளுக்கு வேண்டாமே, எனக்காக வாங்கியிருக்கிறாள். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"உனக்கு எவ்வளவு சக்கரைக்கா?"

இருபத்தொன்பது வருஷம். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. டீ எப்போதும் நான்தானே போடுவேன், அவளுக்கு எப்படித் தெரியும்?

"ரெண்டு" என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தடவை சொன்னேன், நன்றாக இருக்கிறது என்று. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். என் பலகையைப் பற்றிக் கேட்டாள். திருத்திவிட்டேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். "அடுத்த மாசம் வாக்கா" என்று கையை ஆட்டினாள். பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

ஒரு மணி நேரம். பூட்டைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். அவள் இல்லை, அவள் அங்கே இருக்கிறாள்.

திரும்பி வந்தது நான்தான்.